அறுவைக்கு முந்தைய இரண்டு மாதம்: வெண்பன்றித் தீவனத்தில் சேர்த்ததும் விட்டதும்

எங்கள் பண்ணை ராசிபுரம் பக்கம். லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் கலப்பு வெண்பன்றிகள். குட்டி எடுப்பதிலிருந்து அறுவைக்கு அனுப்புவது வரை எல்லாம் இங்கேதான். வெகுகாலமாக ஹோட்டல் மிச்சம்தான் தீவனம். சோறு, சாம்பார், பரோட்டா, கோழித் தோல், பொரித்து மிஞ்சிய எண்ணெய் எல்லாம் ஒரே டிரம்மில் வரும். நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்துப் போடுவோம். எடை ஏறுவதில் குறையில்லை. புகார் வந்தது கறிக்கடையிலிருந்து.

"ஏனுங் தம்பி, உங்க பன்னியில கொழுப்பு நிக்கவே மாட்டேங்குது. வெட்டி வெச்சா கையில எண்ணெயா ஒட்டுது. தட்டுல தண்ணி தேங்குது. மத்தியானத்துக்குள்ள கறி கருத்துப்போவுது." கடைக்கார அண்ணன் சொன்ன இந்த மூன்றும் தனித்தனிப் பிரச்சினைகள். காரணமும் வேறு, மருந்தும் வேறு. எதை எதால் சரிசெய்தோம், எதில் காசு போனதுதான் மிச்சம் என்று எழுதி வைத்ததைத்தான் இங்கே கோர்த்துத் தருகிறேன். நான் சொல்வது 50 கிலோவைத் தாண்டி 90 கிலோவை நெருங்கும் பன்றிகளுக்கு. பால்குடி மறந்த குட்டிகளின் கதை வேறு.

முதலில் அளவு. அளக்காமல் எந்தப் பொடியைப் போட்டாலும் "நல்லா வந்திருக்கு" என்றுதான் தோன்றும். எங்களிடம் பன்றியை நிறுத்தும் தராசு இல்லை, தையல் டேப்தான். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. இரண்டு காதுக்கு நடுவிலிருந்து வாலின் அடி வரை முதுகோடு ஓர் அளவு. இரண்டையும் மீட்டரில் எழுதி, சுற்றளவை சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, கடைசியாக 69.3 ஆல் பெருக்கினால் கிலோ வரும். சுற்று 1 மீட்டர், நீளம் 1.05 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 73 கிலோ. பன்றி தலையைக் குனிந்தால் நீளம் கூடிவிடும், அதனால் தலை நேராக இருக்கும்போது டேப்பை இழுக்க வேண்டும். விடியற்காலை, தீவனம் போடுவதற்கு முன்பு, எப்போதும் ஒரே ஆள் அளப்பது நல்லது. சில கிலோ முன்னே பின்னே இருக்கும், ஆனால் ஒரே ஆள் அளந்தால் பிசகும் ஒரே பக்கமாக இருக்கும். ஒப்பிட அது போதும்.

இன்னொரு விதியும் வைத்துக்கொண்டோம். ஒரு தொகுதிக்கு ஒரு கேள்விதான். ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டு கொட்டிலுக்குப் பிரித்து, காயடித்த ஆணும் பெண்ணும் இரண்டு பக்கமும் சமமாக விட்டோம். காயடித்ததில் கொழுப்பு அதிகம் வைக்கும் என்பதால் அதைச் சமன் செய்யாவிட்டால் கணக்கு கெட்டுப்போகும். நாலு பொடியைச் சேர்த்துப் போட்டால் எது வேலை செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கொழுப்பு விஷயத்தில் சேர்மானத்தை நம்பாமல், அடித்தீவனத்தைத்தான் மாற்ற வேண்டும். மாடும் ஆடும் தின்ற எண்ணெயை முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் மாற்றிவிடும். பன்றிக்கு அந்த வசதி இல்லை. தின்ற எண்ணெய் எந்த ரகமோ அதே ரகம் முதுகுக் கொழுப்பில் போய்ப் படியும். பொரித்த எண்ணெயும் கோழித் தோலும் தின்றால் இளகின கொழுப்பு. மில்லிலிருந்து நேராக வரும் பச்சரிசித் தவிடும் அப்படித்தான், அதில் எண்ணெய் சுமார் 15% இருக்கும். மாவுச்சத்தைத் தின்று பன்றி தானாகச் செய்துகொள்ளும் கொழுப்புதான் வெள்ளையாக, கெட்டியாக நிற்கும்.

எங்கள் ஊரில் மாவுச்சத்துக்குப் பஞ்சமா? சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளி அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் திப்பி களம் களமாகக் காய்கிறது. புரதம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, 2% இருந்தால் பெரிது. ஆனால் மாவுச்சத்து நிறைய மிஞ்சியிருக்கும். வாங்கும்போது ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி, சற்று நேரம் விட்டுப் பாருங்கள். அடியில் மணல் வரி தெரிந்தால் அந்தக் களத்தில் வாங்க வேண்டாம். புளித்த வாடை பரவாயில்லை, பூஞ்சை வாடை கூடாது.

கடைசி இரண்டு மாதத்துக்கு ஹோட்டல் டிரம்மை நிறுத்திவிட்டு நாங்கள் வந்து சேர்ந்த கலவை இது. 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 56, எண்ணெய் எடுத்த தவிடு 15, காய்ந்த திப்பி 10, சோயா புண்ணாக்கு 16 கிலோ. மீதி 3 கிலோவில் சுண்ணாம்புத் தூள் 1 கிலோ, டிசிபி (பாஸ்பரசுக்காகப் போடும் டைகால்சியம் பாஸ்பேட்) அரை கிலோ, உப்பு 400 கிராம், அப்புறம் தாது உப்பும் வைட்டமின் கலவையும் பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவு, கீழே சொல்லும் சேர்மானங்கள். பாக்கி இருந்தால் சோளமாவால் நிரப்பிக்கொள்வோம். புரதம் 14 சதவீதத்தை ஒட்டி வரும். ஹோட்டல் டிரம்மை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020இல் அசாம் வழியாக ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்தது. 2022இல் வயநாடு வரை வந்துவிட்டது. அந்தக் கிருமி பன்றிக்கறி மிச்சத்தோடும் பயணம் செய்யும். டிரம்மில் எந்த ஊர்க் கறி கிடக்கிறது என்று யாரைக் கேட்பது?

லைசினைத்தான் முதலில் சோதித்தோம், ஏனென்றால் செலவில் பெரிய பங்கு சோயாவுக்குப் போகிறது. புரதம் என்பது பல அமினோ அமிலங்களால் ஆனது. பன்றிக்கு மக்காச்சோளம், தவிடு சார்ந்த தீவனத்தில் முதலில் தட்டுப்படுவது லைசின். அது எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் சதை கட்டும். மற்றதெல்லாம் மிஞ்சி, சிறுநீரில் யூரியாவாகப் போய்விடும். லைசின் தட்டுப்பாட்டைத் தீர்க்கத்தான் சோயாவை அள்ளிப் போடுகிறோம். அதற்குப் பதில் லைசினையே போட்டால் என்ன? 5 கிலோ சோயாவை எடுத்துவிட்டு 150 கிராம் லைசின் ஹைட்ரோகுளோரைடும் மீதிக்கு மக்காச்சோளமும் போட்டால் லைசின் கணக்கு சமமாகிவிடும் என்பது பன்றித் தீவனத்தில் பழகிய கணக்கு. ஒரு கொட்டிலுக்கு 21 கிலோ சோயா, லைசின் இல்லை. மற்றதற்கு 16 கிலோ சோயாவும் 150 கிராம் லைசினும்.

டேப் அளவில் இரண்டு கொட்டிலும் ஒன்றையொன்று விடாமல் வந்தன. நாளுக்கு 600 கிராமை ஒட்டி ஏறியது. கொட்டிலில் அமோனியா வாடை குறைந்ததை என் அம்மா முதலில் கவனித்தார். கழுவுகிறவர்களுக்குத்தானே அது தெரியும். வளர்ச்சி கூடவில்லை, செலவு குறைந்தது. இதுவே லைசினின் வேலை. "லைசின் போட்டா பன்னி ஊதிரும்" என்று யாராவது சொன்னால் அவருடைய பழைய தீவனத்தில் லைசின் பற்றாக்குறை இருந்திருக்கும் என்று அர்த்தம். இதைவிடவும் சோயாவைக் குறைக்கலாமா என்றால், குறைக்கலாம்தான். ஆனால் அப்போது திரியோனின், டிரிப்டோபான், மெத்தியோனின் என்று அடுத்தடுத்த தட்டுப்பாடு வரும், அதையும் வாங்கிப் போட வேண்டும். சின்னப் பண்ணைக்கு அவ்வளவு நுணுக்கம் கட்டாது என்று அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

அடுத்தது ஃபைட்டேஸ் என்சைம். தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய உண்டு. ஆனால் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கும், பன்றியின் குடலில் அதைத் திறக்கப் போதுமான என்சைம் கிடையாது. அதனால் டிசிபி வாங்கிப் போடுகிறோம். தவிட்டுப் பாஸ்பரஸ் சாணத்தில் போய்விடுகிறது. ஃபைட்டேஸ் அந்தப் பூட்டைத் திறக்கிறது. ஒரு கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் பொதுவான அளவு. கிராமுக்கு 5,000 யூனிட் உள்ள பொடி என்றால் 100 கிலோவுக்கு வெறும் 10 கிராம். டிசிபியை ஒரு கிலோவிலிருந்து பாதியாக்கினோம், கால் எலும்பில் தகராறு எதுவும் வரவில்லை. நாமக்கல் முழுக்கக் கோழிப்பண்ணைகள் இருப்பதால் இந்தப் பொடிகளெல்லாம் தீவன மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. பன்றிக்காரர்களுக்குக் கோழிக்காரர்கள் போட்டுக்கொடுத்த சாலை இது.

10 கிராமை 100 கிலோவில் கலப்பதுதான் வேலை. நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு வாங்கினோம். பொடியை முதலில் ஒரு கிலோ சோளமாவில் போட்டு, அகலமான தாம்பாளத்தில் இரண்டு கையாலும் தேய்த்துத் தேய்த்துக் கலப்போம். அந்த ஒரு கிலோவை 10 கிலோவில். அந்தப் பத்தைத் தரையில் பரப்பிய மொத்தக் குவியல் மேல் தூவி, மண்வெட்டியால் குவியலை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே மாற்றி மாற்றித் தள்ளுவோம். ஒவ்வொரு வெட்டும் புதுக் குவியலின் உச்சியில் விழ வேண்டும், அப்போதுதான் எல்லாப் பக்கமும் சரிந்து பரவும். மிக்ஸர் மெஷின் இருக்கிறவர்களும் முதல் இரண்டு படியைக் கையால் செய்வது நல்லது. நேராக மெஷினில் கொட்டினால் மூலையில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றை மறக்கக் கூடாது: ஃபைட்டேஸ் சூடு தாங்காது. கஞ்சியாகக் காய்ச்சிப் போடுகிற வழக்கம் உள்ளவர்கள் நன்றாக ஆறியபின் தூவ வேண்டும்.

சரி, கறி கருத்துப்போகிற விஷயம். இதற்கு வைட்டமின் ஈ. கறியின் இளஞ்சிவப்பு நிறம் மயோகுளோபின் என்ற நிறமியால் வருவது; காற்று பட்டு அது ஆக்சிஜனேற்றம் ஆனால் பழுப்பாகிவிடும். கொழுப்பு காற்றில் கெட்டால் சிக்கு வாடை. உயிரோடு இருக்கும்போது தின்ற வைட்டமின் ஈ சதைச் செல்களின் சவ்வுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு, அறுத்த பிறகும் இரண்டையும் தள்ளிப்போடும். அறுத்தபின் மேலே தெளித்தால் அந்தப் பலன் வராது. வளர்ச்சிக்குத் தேவையான அளவு சாதாரண வைட்டமின் கலவையிலேயே இருக்கிறது. கறித் தரத்துக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். கிலோ தீவனத்துக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டோம். கடையில் கிடைப்பது 50% பொடி, அதனால் 100 கிலோவுக்கு 40 கிராம். கடைசி ஒன்றரை மாதம் தொடர்ந்து கொடுத்தோம், ஏனென்றால் சதையில் சேர வாரக்கணக்காகும். அறுவைக்கு முந்தைய வாரம் மட்டும் போட்டால் பொடிக்காரருக்குத்தான் லாபம்.

எடையில் இரண்டு கொட்டிலுக்கும் வித்தியாசம் இல்லை, எதிர்பார்த்ததும் இல்லை. கடையில் பார்த்தோம். ஒரே நாளில் அறுத்த இரண்டு பன்றிகளின் முதுகுக்கறித் துண்டுகளை ஒரே எஃகுத் தட்டில் அக்கம்பக்கமாக வைக்கச் சொன்னேன். எது எந்தக் கொட்டில் என்று அண்ணனிடம் சொல்லவில்லை. காலையில் இரண்டும் ஒன்றுதான். சாயங்காலம் ஒன்றின் ஓரம் சாம்பல் பூத்து, வெட்டு முகம் காப்பிப் பொடி நிறத்துக்குப் போயிருந்தது. மற்றது இன்னும் சிவப்பு. அண்ணன் கத்தி நுனியால் சிவப்பைத் தொட்டு, "இது நாளைக்கும் நிக்கும்" என்றார். எங்கள் சேர்மானங்களில் விலை அதிகமானது வைட்டமின் ஈதான். லைசின் சோயாச் செலவைக் குறைத்து உடனே பணத்தைத் திருப்பியது. வைட்டமின் ஈயின் பணம் கடைக்காரர் விலை கூட்டிக் கொடுத்தால்தான் திரும்பும். அந்தப் பேச்சை முடித்துவிட்டு வாங்குவது உத்தமம்.

வைட்டமின் ஈயோடு சேர்த்து செலினியம் போடச் சொல்லும் வழக்கம் உண்டு. தாது உப்பில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள். கிலோ தீவனத்துக்கு 0.3 மில்லிகிராம்தான் அமெரிக்காவில் சேர்க்க அனுமதிக்கும் உச்சவரம்பு. தேவைக்கும் விஷத்துக்கும் இடைவெளி குறைவு; அதிகமானால் குளம்பு கழன்று வரும், பின்னங்கால் விழுந்துவிடும். கையால் கலக்கிற நாங்கள் தனிச் செலினியத்தைத் தொடுவதில்லை.

தட்டில் தேங்கும் தண்ணீருக்குச் சில இடங்களில் மெக்னீசியம் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1990களிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். அறுவைக்கு முன் சில நாட்கள், ஒரு பன்றிக்கு நாளுக்கு 3 கிராம் சொச்சம் மெக்னீசியம். எப்சம் உப்பில் பத்தில் ஒரு பங்குதான் மெக்னீசியம் என்பதால் அது 30 கிராம் அளவுக்கு வரும். ஊரில் இதைப் பேதி உப்பு என்பார்கள், காரணத்தோடுதான். சாணம் இளகும்.

தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்த்தால் மெக்னீசியத்தின் இடம் புரியும். வண்டியில் ஏற்றும்போது அடித்து விரட்டி, பழக்கமில்லாத பன்றிகளோடு கலந்து, சண்டை போட்டுக் களைத்து அறுபட்டால், உடம்பு சூடாக இருக்கும்போதே சதையில் லாக்டிக் அமிலம் சேரும். சூடும் அமிலமும் சேர்ந்து சதைப் புரதத்தைக் கெடுக்கும், அது தண்ணீரைப் பிடித்துவைக்காது. கறி வெளிறி, தளதளவென்று, நீர் விட்டபடி இருக்கும். மெக்னீசியம் அந்தப் பதற்றத்தைச் சற்றுத் தணிக்கிறது, அவ்வளவே. பதற்றத்தையே குறைத்தால்? ஒரே கொட்டில் பன்றிகளை மட்டும் ஒரே வண்டியில், வெயிலுக்கு முன், தடி இல்லாமல் பலகையால் ஓட்டி ஏற்றினோம். சுமார் 12 மணி நேரம் தீவனம் நிறுத்தம், தண்ணீர் மட்டும் எப்போதும் உண்டு.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கொழுப்பு நீக்கிய முதுகுக்கறித் துண்டு ஒன்றை எடை போட்டு, நூலில் கட்டி, பாலிதீன் பையின் பக்கங்களில் படாதபடி உள்ளே தொங்கவிட்டு, வாயைக் கட்டி, ஃபிரிட்ஜில் ஒரு நாள் வையுங்கள். மறுநாள் ஒற்றி எடுத்து மறுபடி எடை. குறைந்தது அத்தனையும் ஒழுகிய நீர். எங்கள் துண்டுகளில் மெக்னீசியம் தின்றதற்கும் தின்னாததற்கும் நான் பந்தயம் கட்டும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. பழைய மாதிரி அடித்து ஏற்றி வந்த பன்றிக்கும் புது முறையில் ஏற்றிய பன்றிக்கும் வித்தியாசம் பையின் அடியில் கண்ணுக்கே தெரிந்தது. பேதி உப்பை விட்டுவிட்டோம்.

இனி வேண்டாம் என்று வைத்தவை. மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட், அதில் ஒன்று. கிலோவுக்கு 125 முதல் 250 மில்லிகிராம் வரை தாமிரம் சேர்த்தால் குட்டிகள் நன்றாக வளரும் என்பது பழைய, உண்மையான விஷயம். பெரிய பன்றியில் பலன் குறைவு. தின்ற தாமிரத்தில் பெரும்பகுதி சாணத்தோடு வயலுக்குப் போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் பெரிய பன்றிகளுக்கு 25 மில்லிகிராம் என்று கட்டிவைத்திருக்கிறது. எங்களுக்கு இன்னும் நெருக்கமான காரணம், பக்கத்துப் பட்டியில் மேச்சேரி செம்மறிகள் நிற்கின்றன. செம்மறிக்குத் தாமிரம் சீக்கிரமே விஷமாகும். சிந்திய தீவனத்தை அது நக்கினால் போச்சு.

நச்சுப் பிடிப்பான் என்று களிமண் பொடி விற்கிறார்கள். பெண்டோனைட் வகைகள் அஃப்ளடாக்சினைப் பிடிக்கும், மற்ற பூஞ்சை நச்சுகளை அவ்வளவாகப் பிடிக்காது. மழைக்காலத்தில் சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் மக்காச்சோளத்தைக் கொடுத்துப் பார்ப்பது மேல். பூஞ்சை பிடித்ததை வாங்கிப் பொடி போட்டுச் சமாளிப்பதைவிட, காய்ந்ததை வாங்குவதுதான் மலிவு. பூண்டு, மஞ்சள், வெந்தயம் எல்லாம் பன்றிகள் ஆசையாகத் தின்றன. டேப்பிலும் தட்டிலும் ஒன்றும் தெரியவில்லை. கருவாட்டுத் தூள் நல்ல புரதம், ஆனால் கறியில் கவிச்சி ஏறும். கடைசி இரண்டு மாதத்தில் அதற்கு இடமில்லை. காயடிக்காத ஆணின் கறி வாடைக்கு மருந்து கேட்கிறவர்களும் உண்டு. குட்டிக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே காயடிப்பதுதான் மருந்து.

ஒரு கடையில் "சதைப் பொடி" என்று லேபிள் இல்லாத பொட்டலம் நீட்டினார்கள். கொழுப்பைக் கரைத்துச் சதையாக்கும், பத்தே நாளில் தெரியும் என்றார்கள். அப்படி வேலை செய்யக்கூடிய பொருள் ராக்டோபமைன் வகை. அமெரிக்காவில் 1999இல் பன்றிக்கு அனுமதித்தார்கள்; ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் ரஷ்யாவும் தடுத்திருக்கின்றன. 2012இல் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸில் இதன் மிச்ச அளவுக்கு வரம்பு வைக்க நடந்த ஓட்டெடுப்பு 69க்கு 67 என்று நூலிழையில் முடிந்தது. லேபிள் இல்லாத பொட்டலத்தில் அதுதான் இருக்கிறதா, வேறு ஏதாவதா என்று எப்படித் தெரியும்? தின்பது நம் வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தை. ஆன்டிபயாடிக்கைச் சிட்டிகை அளவு தீவனத்தில் போடுவதும் இதே ரகம்தான். ஐரோப்பாவில் வளர்ச்சிக்காகப் போடுவது 2006இலேயே நின்றுவிட்டது. நம் நாட்டில் உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் 2019இல் தடை செய்யப்பட்டது. நோய் வந்தால் டாக்டர் எழுதித் தருவதை, அவர் சொன்ன இடைவெளி விட்டுத்தான் அறுவைக்கு அனுப்புகிறோம்.

காசில்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். லைசின் தொகுதியின் போது ஒரு மூலையில் இருந்த பன்றிகள் மட்டும் பின்தங்கின. பன்றிகள் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாயின் அடியில் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்துப் பார்த்தால் நிரம்ப மூன்று நிமிடம் ஆனது. இந்த வயதுப் பன்றிக்கு ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டர் வர வேண்டும். உள்ளே இருந்த சல்லடையில் உப்புப் படிந்திருந்தது. தண்ணீர் குறைந்தால் தீவனம் எடுப்பதும் குறையும், அப்புறம் எந்தப் பொடி போட்டு என்ன? இப்போது டேப் எடுக்கிற அன்றே பாட்டிலும் எடுக்கிறோம்.

கொழுப்பு இப்போது நிற்கிறது. தீவனம் மாறி ஒரு மாதத்தில் அறுத்ததில் பாதி மாற்றம்தான் இருந்தது. இரண்டு மாதம் முழுதாகத் தின்றவற்றில் முதுகுக் கொழுப்பு வெள்ளையாக, விரலால் அழுத்தினால் குழி விழாமல் வந்தது. பழைய கொழுப்பு கரைந்து புதுசு படிய அத்தனை காலம் தேவைப்படுகிறது. அதனால் கேரள வியாபாரிகள் கேட்கும் கிறிஸ்துமஸ் பன்றிகளுக்கு அக்டோபர் நடுவிலேயே டிரம்மை நிறுத்தி, இந்தக் கலவைக்கு மாற்றி, நவம்பர் முதல் வாரத்தில் வைட்டமின் ஈ தொடங்குகிறோம். வைட்டமின் ஈ எல்லாப் பன்றிக்கும் இல்லை. அண்ணன் கடைக்கும், கிலோவுக்குக் கூடுதல் விலை பேசி முன்பணம் தந்தவர்களுக்கும் போகிற கொட்டிலுக்கு மட்டும்.